அட்டையின் எட்டாவது வரி

படகில் திசைகாட்டி பொருத்தப் போகும்போது நான் முதலில் செய்கிற வேலை, பையில் இருக்கும் சாவிக்கொத்தை எடுத்துக் கரையில் வைத்துவிட்டுப் போவது. பெல்ட்டும் போடமாட்டேன். கொக்கி இரும்பு, முள்ளை இழுத்துவிடும். பத்தொன்பது வருஷமாக வேலை நாளெல்லாம் நாடா வைத்த கால்சட்டைதான். படகுப் பட்டறையில் இதற்காக எனக்குப் ‘பைஜாமா’ என்று பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும். இரும்புக் கொக்கியோடு போய்த் திசைகாட்டி முன்னால் குனிகிறவனை நான் வேலைக்காரன் என்றே மதிப்பதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நேற்று உங்கள் மேசையில் இருந்த காகிதத்தில் என் தொழில் எலக்ட்ரீஷியன் என்று போட்டிருந்தது. அதை அடித்துவிட்டுச் சரியாக எழுதுங்கள், ஐயா. பாய்மரப் படகில் சுக்கான் சக்கரத்துக்கு முன்னால் கருவிகள் பொருத்துகிறவன். திசைகாட்டி, ஆழமானி, காற்றுமானி, படகு எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் காட்டுகிற திரை, இவ்வளவும் என் பொறுப்பு. பொருத்துவது பாதி வேலை. காப்பாற்றுவது மீதி. உப்புத் தண்ணீர், வெயில், இழுபடுகிற கயிறு எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், படகில் ஏறுகிறவர்களின் முழங்கைதான் பெரிய எதிரி. ஒருவன் திரையின் மேல் ஈரத் துண்டைக் காயப்போடுவான். இன்னொருவன் திசைகாட்டிக் கண்ணாடியில் காப்பிக் கோப்பையை வைப்பான். வருகிறவன் எல்லாம் கெடுக்கத்தான் வருகிறான் என்று நினைத்துக்கொண்டு வேலை செய்தால்தான் அது நிற்கும். நான் அப்படித்தான் செய்தேன். மனிதர்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அது அங்கே உண்டானதுதான்.

என் தங்கைக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு. வளர்த்தேன். அதைப் பெரிதாகச் சொல்லிக் காட்ட வரவில்லை. ஆனால் அவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டவன் நான். பள்ளிக்கூட வாசலில் நின்றவன் நான். இரண்டு இடத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். தங்கையை எங்கே விடுவீர்கள் என்று கேட்டார்கள். எங்கேயும் விடமாட்டேன் என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது. கல்லூரிக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் எங்கே போகிறாள், எத்தனை மணிக்கு வருவாள் என்று சமையலறைக் கதவில் எழுதி வைத்துவிட்டுத்தான் போவாள். முப்பத்தோரு வயதிலும் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். நீங்கள் இதைக் கேட்டுப் புருவத்தைத் தூக்குகிறீர்கள். உங்கள் வீட்டில் பெண்கள் எப்படியோ எனக்குத் தெரியாது.

என் தொழில் அவளுக்குத் தெரியும். எந்தப் படகிலும் திசைகாட்டி கொஞ்சம் பொய் சொல்லும். இயந்திரம், சங்கிலி, கம்பி எல்லாம் அதை இழுக்கும். அதனால் கருவிகளைப் பொருத்தி முடித்ததும் படகை வெளியே கொண்டுபோய் எட்டுத் திசைக்கும் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் அது எத்தனை டிகிரி பொய் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அதை ஓர் அட்டையில் எட்டு வரியாக எழுதிச் சுக்கான் பக்கத்தில் ஒட்ட வேண்டும். இந்தத் திசைக்கு இத்தனை கழித்து ஓட்டு, அந்தத் திசைக்கு இத்தனை கூட்டி ஓட்டு என்று. பிழை அட்டை என்போம். பன்னிரண்டு வயதிலிருந்து விடுமுறை நாட்களில் என்னோடு வருவாள். நான் டிகிரியைச் சொல்லச் சொல்ல அவள் நோட்டில் எழுதுவாள். ஒரு எண்ணைக்கூட இரண்டாம் முறை கேட்டதில்லை.

அவள் கட்டிக்கொண்டவன் எங்கள் பட்டறையிலேயே படகுக்குப் பாய் தைக்கிறவன். ஊசி பெரிதாக இருந்தாலும் தையல் தையல்தான், நான் தையல்காரன் என்றே சொல்கிறேன். மாப்பிள்ளை என்று கூப்பிட வாய் வரவில்லை. நாலு வருஷம் என் வீட்டில்தான் இருந்தான். காலையில் பல் துலக்கும்போதே பாட்டு. ஸ்பூன் இருக்கிற இழுப்பறையில் கத்தியைப் போடுவான். எடுத்துச் சொன்னால், “மச்சான், கத்தியும் சாப்பாட்டுக்குத்தானே” என்று சிரிப்பான். எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அவன் சிரித்தால் அவளும் சிரிப்பாள். முன்பெல்லாம் அந்த வீட்டில் அப்படிச் சத்தம் கிடையாது.

மூன்று வருஷமாக இருவரும் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கிச் சரிபண்ணிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தேன். போன வருஷக் கடைசியில் ஒருநாள் சாப்பிடும்போது விஷயம் வெளியே வந்தது. வளைகுடாவுக்கு அந்தப் பக்கத் துறைமுகத்தில் பாய் தைக்கிற கூடம் ஒன்று கிடைத்திருக்கிறதாம். மேலே தங்க இரண்டு அறை. அந்தப் படகிலேயே போகப்போகிறார்களாம். பட்டறைக் காவலாளிவரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான்.

“உங்களுக்கும் நிம்மதிதான் மச்சான். இனிமே கத்தி, கத்தி இழுப்பறையிலயே இருக்கும்” என்றான் தையல்காரன்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அண்ணா, தப்பா எடுத்துக்காத. எங்க போறேன், எப்ப வரேன்னு கதவுல எழுதி எழுதி எனக்கு அலுத்துப்போச்சு. கொஞ்ச நாள் யாருக்கும் சொல்லாம ஒரு இடத்துக்குப் போயிட்டு வரணும்போல இருக்கு.”

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியமில்லை. இருபத்திரண்டு வருஷத்தை ஒருத்தி அலுத்துப்போச்சு என்று ஒரே வார்த்தையில் சொன்னால் யாருக்கும் எரியும். ஆனால் நான் கத்தவில்லை. எழுந்துபோய்த் தட்டைக் கழுவி வைத்தேன். துடைத்த கையோடு வந்து, போவதென்றால் போங்கள், சுக்கானில் கருவியெல்லாம் நானே பொருத்தித் தருகிறேன் என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறு வாரம் வேலை செய்தேன். நீங்கள் அந்தப் படகைப் பார்த்திருப்பீர்கள், மிச்சம் இருக்கிற பாதியையாவது. சக்கரத்துக்கு முன்னால் ஒரு தூண், அதன் தலையில் திசைகாட்டி. விழப்போகிறவர்கள் பிடித்துக்கொள்ள மேலே ஒரு வளைந்த குழாய். அந்தக் குழாயில் ஒரு பெட்டி, பெட்டியில் திரையும் மானிகளும். ஆணியெல்லாம் பித்தளை. ஒவ்வோர் ஆணிக்கும் அடியில் ரப்பர் வளையம். வெயில் படாமல் இருக்க மேலே ஒரு துணி உறை, அதைத் தையல்காரன் தைத்தான். ஒழுங்காகத்தான் தைத்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் உட்காரும் பலகைக்கு அடியில், திசைகாட்டியிலிருந்து இரண்டு முழத்தில், பாட்டுக் கேட்க ஒரு ஸ்பீக்கரையும் வைத்தான். ஸ்பீக்கருக்குள் என்ன இருக்கிறது? காந்தம். வேண்டாம் என்றேன். “பாட்டில்லாம என்ன மச்சான் கடல்” என்றான். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். திசைகாட்டியைக் கெடுத்தது முதலில் யார் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான் செய்தது இரண்டே இரண்டு. இரண்டுமே ரொம்பச் சின்ன விஷயம்.

முதலாவது ஒயர். திரையின் பெட்டிக்குள் ஒயர் நுழைவதற்கு முன்னால் ஒரு சாண் கீழே தொங்கி, வளைந்து, அதற்கப்புறம் மேலே ஏறி உள்ளே போக வேண்டும். ஒயர் வழியாக வழிந்து வருகிற தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிக் கீழே விழுந்துவிடும். நேராக நுழைத்தால் தண்ணீரும் நேராக உள்ளே போகும். இந்த வேலையில் முதல் நாள் கற்றுக்கொள்கிற பாடம் இது. நான் நேராக நுழைத்தேன். வாயை அடைக்கிற ரப்பரை ஒரு நூல் அளவு தளர்த்திவிட்டேன்.

பட்டறையில் அதே மாதிரிப் பழைய திரை ஒன்று கிடந்தது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நாட்களில் அதை அதே மாதிரிப் பொருத்தி, உப்பு கரைத்த தண்ணீரைக் குழாயில் விட்டு, அலை தெறிக்கிற மாதிரி விட்டு விட்டு அடித்துப் பார்த்தேன். ஆறு மணி நேரத்தில் அணைந்தது. காயவைத்து மறுபடி செய்தேன், ஆறேகால். மூன்றாம் தடவை ஐந்தே முக்கால். பயமுறுத்த மட்டும்தான் நினைத்தாய் என்றால் மணிக்கணக்கு எதற்கு என்று காலையில் கேட்டீர்கள். அரைகுறை வேலை எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். திரை அணைந்தால் தையல்காரனுக்குக் கை கால் உதறும், படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான், பத்து பேர் முன்னால் அசடு வழிவான், கூடமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். இதுதான் என் மனதில் இருந்தது. இதை நீங்கள் நம்பவில்லை என்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. நான் நம்பினேன்.

சமையலறைச் சுவரில் அவர்கள் கடல் வரைபடத்தை மாட்டிப் போகிற வழியைச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். விடிகாலையில் கிளம்பினால் ஆறு மணி நேரத்தில் கலங்கரை விளக்கத்தைத் தாண்டுவார்கள். அங்கிருந்து வடமேற்கே பத்து மைல். அந்தப் பத்து மைலின் முடிவில் இரண்டு பாறைத் திட்டுகளுக்கு நடுவே ஒரு வழி. அவர்கள் கிளம்புகிற மாதத்தில் பனிமூட்டம் பிடித்தால் அங்கே படகின் முனைகூடக் கண்ணுக்குத் தெரியாது. பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான்.

இரண்டாவது அட்டை.

எட்டுத் திசைக்கும் திருப்பிப் பார்க்கிற நாளில், “நான் வந்து எழுதட்டுமா அண்ணா” என்று கேட்டாள். பழைய நோட்டைக்கூடத் தேடி எடுத்து வைத்திருந்தாள். நீ பெட்டியைக் கட்டு, கிடக்கிற வேலையைப் பார் என்றேன். தையல்காரனைச் சக்கரத்தில் நிற்க வைத்துக் கூட்டிப்போனேன். அவன் பாட்டுப் பாடிக்கொண்டே திருப்பச் சொன்ன பக்கமெல்லாம் திருப்பினான். நான் என்ன எழுதுகிறேன் என்று ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. அவனுக்கு அட்டை என்றால் இளக்காரம். எல்லாம் திரையில் இருக்கிறது, அதுவும் போனால் கைபேசியில் இருக்கிறது, இந்தக் காலத்தில் இந்த அட்டை எதற்கு மச்சான் என்று பட்டறையில் நாலு பேர் முன்னால் என்னைக் கேட்டவன் அவன். ஆயுசுக்கும் அதைப் படிக்கமாட்டான்.

எட்டாவது வரி வடமேற்கு. ஸ்பீக்கர் காந்தத்தின் புண்ணியத்தில் அங்கே ஆறு டிகிரி கழித்து ஓட்ட வேண்டும். நான் ஆறு டிகிரி கூட்டி ஓட்டு என்று எழுதினேன். மற்ற ஏழு வரியும் சுத்தம், நீங்கள் யாரை வைத்து வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஆறும் ஆறும் பன்னிரண்டு. பன்னிரண்டு டிகிரியில் பத்து மைல் போனால் இரண்டு மைல் விலகும். வழியில் போக வேண்டிய படகு வடக்குத் திட்டின் மேல் போய் நிற்கும். அட்டையைக் கறுப்பு மையில் எழுதி, மேலே கண்ணாடி வைத்து, நாலு மூலையிலும் பித்தளை ஆணி அடித்தேன். அழகாக இருந்தது.

கிளம்புகிற அன்று காலையில் அவள் சக்கரத்துக்கு முன்னால் நின்று ஒவ்வொரு கருவியாகத் தொட்டுப் பார்த்தாள். அட்டையில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். எட்டாவது வரியில் விரல் நின்றது.

“அண்ணா, மேற்கும் கழி, வடக்கும் கழி. நடுவுல இருக்கிற இது மட்டும் எப்படிக் கூட்டு ஆச்சு?”

பன்னிரண்டு வயதிலிருந்து எழுதிய கை அல்லவா. நான் சொல்லிக்கொடுத்ததுதான். பக்கத்துப் பக்கத்துத் திசைகளில் பொய் மெதுவாகத்தான் மாறும், நடுவில் ஒன்று மட்டும் துள்ளினால் எழுதினவன் தப்புப் பண்ணியிருக்கிறான் என்று அர்த்தம்.

“உன் புருஷன் வச்ச ஸ்பீக்கரைக் கேளு” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், ஒரு மூச்சு இருக்கும். “சரி, நீ பார்த்தா சரியாத்தான் இருக்கும்” என்றாள். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். தப்பாக எழுதிவிட்டேன், கொடு, மாற்றுகிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவள் உடனே திரும்பி அவனைப் பார்த்து எதற்கோ சிரித்தாள். நான் கயிற்றை அவிழ்த்து விட்டேன்.

அதற்கப்புறம் நடந்தது நீங்கள் நேற்று வாசித்துக் காட்டியதுதான். தையல்காரன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னது. பத்து மணிக்கு மூட்டம் இறங்கியதாம். கலங்கரை விளக்கம் தாண்டிச் சற்று நேரத்தில் திரை அணைந்ததாம். திரும்பிவிடலாம் என்றுதான் இவன் சொன்னானாம். அதில் மட்டும் நான் கணித்தது சரி. அவள்தான், இதுக்கெல்லாமா திரும்புவாங்க, அண்ணன் கட்டிக்கொடுத்த திசைகாட்டி இருக்கு, அட்டை இருக்கு என்று சக்கரத்தை வாங்கிக்கொண்டாளாம். ஒன்றரை மணி நேரம் கழித்து இவன் கைபேசியைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறான். அது படகைத் திட்டுக்கு நேராகக் காட்டியது. திருப்பு, திருப்பு என்று கத்தியிருக்கிறான். அவள் சொன்னதை அவன் அப்படியே சொல்லியிருக்கிறான், நீங்கள் அதை இரண்டு தடவை வாசித்தீர்கள்.

“உன் போன் ஈரத்துல உளறுது. அதுக்கு ஒரு வயசு. எங்க அண்ணன் பத்தொம்பது வருஷமா இதைத்தான் எழுதுறாரு.”

பாறையில் மோதியதும் படகு பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. மூன்று மணி நேரம் தண்ணீரில் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தானாம், கடைசி ஒரு மணி நேரம் அவள் பேசவில்லையாம். மீன்பிடிப் படகுக்காரர்கள் வந்து தூக்கும்போதும் பிடித்துக்கொண்டுதான் இருந்தானாம். இருக்கலாம். அவன் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்கிறீர்கள், நான் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறீர்கள். அவன் கையில் சரியான கணக்கு இருந்தது. கைபேசியில் அவன் பார்த்தது சத்தியம். ஆனால் அவன் பேச்சை அவள் கேட்கவில்லை. என் பேச்சைத்தான் கேட்டாள். நீங்கள் அதை வாசித்தபோது நான் சிரித்ததாகக் குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், சிரித்தேன். நாலு வருஷம் கழித்து, அவன் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருக்கும்போதே, அவள் என் பக்கம்தான் நின்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

காலையிலிருந்து ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். தையல்காரனுக்குப் பாடம் புகட்ட என்று சொல்கிறாய், அவன் அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான் என்றும் நீயே சொல்கிறாய், அப்படியானால் அந்த வரியை யாருக்காக எழுதினாய் என்கிறீர்கள். முதல் தடவை எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டாம் தடவை தண்ணீர் கேட்டேன். இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த உலகத்தில் என் அட்டையை எடுத்துப் படித்து, கணக்குப் போட்டு, அதை நம்பிச் சக்கரத்தைத் திருப்பக்கூடிய ஆள் ஒருத்திதான். அதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். எழுதும்போது அது எனக்குத் தெரியும். திரையை அணைத்ததும் நான், அட்டையில் எழுதியதும் நான். ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் வேறு ஏதாவது செய்திருப்பேன். தையல்காரன் அந்தப் படகில் இருந்தான், அவ்வளவுதான். அவன் பிழைத்தாலும் செத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. நான் எழுதியது அவளுக்காக.

அதற்காக அவள்மேல் எனக்கு ஏதோ கோபம் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அவள் போகக் கூடாது, அவ்வளவுதான் நான் நினைத்தது. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அடக்கத்துக்கான எல்லாக் காகிதத்திலும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கத் துறைமுகத்துக்கெல்லாம் கொண்டுபோக விடவில்லை. இங்கேயே நல்ல இடமாகப் பார்த்து வைத்திருக்கிறேன். என் வீட்டிலிருந்து பத்து நிமிஷம், நடந்தே போய்விடலாம்.